சங்கு கேட்கும் தூரத்தில்

மே மாதம் முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இத்திருநாளை ஏற்படுத்தினார். அன்று நம் ஆலயங்களில் உளியும் வாளும் ஏந்திய சூசையப்பரின் சுரூபத்திற்கு மாலை சூட்டுகிறோம், தொழிலாளருக்காக மன்றாடுகிறோம். நாசரேத்தூர்த் தச்சருக்கு வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்றே நம் ஓவியர்கள் வரைந்து வந்துள்ளனர். திருக்குழந்தை தந்தையின் அருகில் நின்று மரச்சுருளைப் பொறுக்குவதும், அன்னை மரியாள் நூல் நூற்றுக் கொண்டிருப்பதும் நம் வீட்டுப் படங்களில் எல்லாரும் கண்ட காட்சிகளே.

இன்றைய சூசையப்பரோ விடியற்காலை நான்கரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கிறார். அவர் திரும்பும் வேளையில் பிள்ளை பள்ளியிலிருந்து வந்திருந்தால் அன்று நல்ல நாள். இரவு முறை வேலை என்றால் தந்தையும் பிள்ளையும் ஒருவரையொருவர் விழித்த நிலையில் காண்பதே வாரத்திற்கு இருமுறைதான். சொந்தமாக ஒரு மனை, அதில் ஒரு வீடு என்னும் நியாயமான ஆசைக்காக அவர் கொடுத்துவரும் விலை என்ன? அந்த விலையில் தொழிலாளரின் ஒற்றுமையும் சேர்ந்து போய்விட்டதா? இதைச் சற்றே ஆராய்வோம்.

பெரம்பூர்ச் சந்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. பின்னர் இரண்டும் ஒன்றாகி, பி அண்டு சி மில் என்று ஊரார் வாயில் வழங்கலாயின. ஆலையைச் சுற்றி ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதினால் அத்தனை வீடுகளிலும் விளக்கெரியும். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அச்சங்கே கடிகாரம். சங்கு கேட்கும் தூரத்திலேயே தொழிலாளி வாழ்ந்தான். ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தனர். ஒரே கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினர். ஒருவன் வீட்டுச் சாவுக்கு மற்றவன் பாடை கட்டினான்.

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இங்கேதான் தோன்றிற்று. அது தோன்றிய விதம் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. பெரம்பூர்ப் பகுதியில் சமயச் சொற்பொழிவுகள் நடைபெற்று வந்தன. ஆலைத் தொழிலாளரும் அவற்றுக்கு வந்தனர். அவர்களுடைய அன்றாடத் துயரங்களைக் கேட்டறிந்த செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரே சங்கம் ஒன்று வேண்டும் என்று முயன்றனர். பி. பி. வாடியா தலைமை ஏற்றார். தமிழ்த் தென்றல் திரு. வி. க. துணை நின்றார். அன்று தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. உணவை அமர்ந்து உண்ணச் சில நிமிடங்கள் கூடுதலாக வேண்டும் என்று கேட்பதற்கே அவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

சங்கம் நடத்தியது அக்காலத்தில் எளிதன்று. 1920-ஆம் ஆண்டில் ஆலை நிருவாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது; நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளரை ஒன்று சேர்ப்பதே குற்றமாகக் கருதப்படலாம் என்னும் நிலையை மாற்றவே 1926-ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கிடையே, 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, இந்நாட்டின் முதல் மே நாள் கூட்டத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார் சிங்காரவேலர். கிறிஸ்தவச் சிந்தனையாளரும், 1941-ஆம் ஆண்டில் சென்னை மேயராக விளங்கியவருமான சக்கரைச் செட்டியார் தொழிலாளர் இயக்கத்தின் முன்னணியில் நின்றதையும் நாம் மறத்தலாகாது.

1921 தரும் பாடம்

பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சந்துகளில் இடநெருக்கடியும் நோயும் கடனும் குடியும் மலிந்திருந்தன. அவற்றைவிடக் கொடியதொன்றும் இருந்தது.

1921-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தது. பசி மிகுந்தபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். நெடுங்காலமாகத் தங்களைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்தவர்கள் திடீரென்று தோழமை பேசியதை அவர்கள் எப்படி நம்புவர்? புளியந்தோப்பில் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். உயிர்கள் பறிபோயின. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. ஒரே பந்தியில் அமராதவர்கள் ஒரே போராட்டத்தில் நெடுநாள் நிற்கமாட்டார்கள். இவ்வுண்மையை நமக்கு உணர்த்த அன்று சிந்திய இரத்தமே போதும். சாதிக்கொரு கல்லறை வைத்திருந்த பங்குகளின் பிள்ளைகளாகிய நாமும் இதைத் தலைகுனிந்தே படிக்க வேண்டும்.

ஆயினும் சங்கம் மடியவில்லை. மீண்டும் கட்டப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் 1955-ஆம் ஆண்டில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. சம்பளம், போனசு, விடுப்பு, ஓய்வூதிய நிதி, நோய்க் காப்பீடு என்று நம் குடும்பங்கள் இன்று இயல்பாக எண்ணும் உரிமைகள் பலவும், நம் பாட்டனாரும் தந்தையரும் சந்தாக் கொடுத்து, கொடி பிடித்து, சில வேளைகளில் பட்டினி கிடந்து பெற்றவை. அவை முதலாளியின் கருணையால் மட்டும் வந்தவையல்ல.

சங்கு ஓய்ந்தது

1996-ஆம் ஆண்டில் பி அண்டு சி மில் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. நூல் நூற்ற கூடங்களில் திரைப்படச் சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். பின்னர் அந்நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழலாயின. அதே 1996-ஆம் ஆண்டில்தான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர்கள் ஆலைகளால் நிரம்பின.

ஆலைகள் புறநகருக்கு அப்பால் சென்றன. தொழிலாளியும் நகரத்தை விட்டு வெளியேறினான். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் சேரவில்லை. நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாது. எனவே விலை மலிவாக மனை கிடைத்த இடத்தில் ஒருவர் வாங்கினார். மற்றொருவர் வேறு திசையில் வாங்கினார். இன்று ஒரே இயந்திரத்தின் இரு பக்கத்திலும் நின்று வேலை செய்யும் இருவருள் ஒருவர் திருவள்ளூர்ப் பக்கம் வாழ்கிறார். மற்றவர் செங்கற்பட்டுப் பக்கம் வாழ்கிறார். பேருந்து ஒவ்வொருவரையும் அவரவர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுச் செல்கிறது. ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் கண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ வேறொரு கம்பெனியில், வேறொரு முறையில் வேலை செய்கிறார். இவர் விழித்திருக்கும்போது அவர் உறங்குகிறார்.

மனையின் உண்மையான விலை

இனி ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், நம் புறநகர்ப் பங்குகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய வீடுகள் பல உள்ளன.

வீடு கட்ட இருபது இலட்சம் ரூபாய் கடன். ஆண்டு வட்டி 9 விழுக்காடு. கெடு இருபது ஆண்டுகள் என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். மொத்தம் 240 தவணைகள். கட்டி முடிக்கும்போது வங்கிக்குச் சென்றிருக்கும் தொகை ஏறத்தாழ 43 இலட்சம். அதாவது, வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

அடுத்து நேரக் கணக்கு. போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஆக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 100 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகக் கொண்டால், மாதந்தோறும் பன்னிரண்டரை நாள்களை நம் தொழிலாளி கூலியின்றிச் சாலைக்குக் கொடுத்துவிடுகிறார். ஆண்டுக்கு 150 நாள்கள்! எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிப் பெற்ற உரிமையை அவர் கையிலிருந்து இப்படிச் சாலை பறித்துக் கொள்கிறது.

கணக்கில் எழுதாத செலவுகளும் உண்டு. ஆழ்துளைக் கிணறு, கோடையில் லாரித் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர், பிள்ளைகளுக்குப் பள்ளி வேன், கணவனுக்கு ஒன்றும் மனைவிக்கு ஒன்றுமாய் இரு வண்டிகள். மனைக்கு அங்கீகாரம் இல்லை என்பது வாங்கிய பின்னரே பலருக்குத் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் பதிவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ஆம் ஆண்டில் தனித் திட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கியபோது, தவணை முடியாத வீட்டின் மொட்டை மாடியில் நின்று படகை எதிர்நோக்கிய குடும்பங்கள் எத்தனை! வயது முதிர்ந்த பெற்றோர் நகரத்துப் பழைய வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டதையும், அண்டை அயலாரை அறியாத தெருவில் இளம் மனைவி நாள் முழுதும் தனித்திருப்பதையும் எந்த வங்கிக் கணக்கில் எழுதுவது?

சங்கம் ஏன் தளர்ந்தது?

சங்கம் தளர்ந்ததற்குத் தூரம் ஒன்றே காரணமன்று. ஒரே ஆலை வாயிலில் கட்சிக்கொரு கொடி ஏறியது முதற்காரணம். 1920-இல் ஏ.ஐ.டி.யு.சி., 1947-இல் ஐ.என்.டி.யு.சி., 1948-இல் எச்.எம்.எஸ்., 1955-இல் பி.எம்.எஸ்., 1970-இல் சி.ஐ.டி.யு. என்று மத்திய சங்கங்கள் பிறந்தன. திராவிடக் கட்சிகளும் தத்தம் தொழிற்சங்கங்களை வைத்துக் கொண்டன. தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள் ஆலையிலும் எதிரெதிரே நின்றனர். சந்தாவை வாங்கிவிட்டுத் தொழிலாளியை மறந்த தலைவர்களும் இருந்தனர் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர் என்னும் பிரிவினை. மூவரும் ஒரே வேலையைச் செய்கின்றனர். மூவருக்கும் மூன்று விதக் கூலி. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்த 1970-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டும் அம்முறை பெருகிற்றே ஒழியக் குறையவில்லை. நாளை வேலை இருக்குமா என்று அறியாதவர் இன்று சங்கத்தில் எப்படிச் சேர்வார்?

மூன்றாவது காரணமே நாம் மேலே கண்ட 240 தவணைகள். பெரம்பூர்த் தொழிலாளி கடைக்காரரிடம் கடன் சொன்னார். வேலைநிறுத்தம் நடந்தால் கடைக்காரரும் அதே தெருவில் வாழ்ந்தவராதலால் பொறுத்தார். வங்கியின் கணினிக்கு வேலைநிறுத்தம் தெரியாது. ஐந்தாம் தேதி பணம் எடுக்கும். இல்லையென்றால் அபராதம் விதிக்கும். "சங்கம் கிங்கம் என்று எதிலும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்" என்று மனைவி கணவனிடம் கெஞ்சுவது கோழைத்தனத்தால் அன்று. கூரை போய்விடுமோ என்னும் அச்சத்தால். அவளைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

அணையாத நெருப்பு

அப்படியானால் தொழிலாளர் ஒற்றுமை செத்துவிட்டதா? அண்மை நிகழ்ச்சிகள் மூன்றைக் காண்போம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அவர்களுக்குச் சங்கம் இருக்கவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். ஒரே சோற்றை உண்டனர். தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே சாலைக்கு வந்தனர். பழைய பெரம்பூரே அன்று நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தது எனலாம். அவ்வாலை மூடப்பட்டது, குறைகளைக் களைந்த பின்னரே மீண்டும் திறக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் குடியிருப்பை அரசு திறந்து வைத்தது.

2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எல்லாக் கொடிகளையும் சேர்ந்த சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 37 நாள்கள் நீடித்தது. அவர்களுடைய தலையாய கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே. நீதிமன்றம் வரை சென்று, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்த 37 நாள்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதத் தவணையாவது தவறியிருக்கக் கூடும். ஆயினும் நின்றார்கள்.

திருச்சபையின் குரல்

1891-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த அப்பெருமகன், தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்று உலகறிய எழுதினார். சென்னையில் சங்கம் தோன்றுவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அம்மடல். 1981-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், தொழிற்சங்கங்கள் இன்றைய சமுதாய வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று வலியுறுத்தினார். 2025-ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற திருத்தந்தை, அந்தச் சிங்கராயரை நினைவுகூர்ந்தே தாம் பதினான்காம் லியோ என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறியுள்ளார். ஆகவே, சங்கத்தில் சேர்வது பக்திக்கு ஒவ்வாத செயல் என்று எண்ணும் கத்தோலிக்கர் எவரேனும் இருப்பின், அவர் தம் திருச்சபையின் போதனையை இன்னும் அறியாதவரே.

நாம் செய்யத்தக்கவை

ஆலைச் சங்கு இனி ஊதப்போவதில்லை. ஆனால் புறநகரிலும் ஒரு மணி ஒலிக்கிறது. அது நம் ஆலய மணி. வெவ்வேறு கம்பெனிகளில், வெவ்வேறு முறைகளில் வேலை செய்யும் தொழிலாளர் குடும்பத்தோடு சந்திக்கும் மிகச் சில இடங்களுள் பங்கு ஆலயம் ஒன்று. செங்கை மறைமாவட்டம் 2002-ஆம் ஆண்டில் தனியாக அமைக்கப்பட்டதன் பின், இப்பகுதியின் பல சிற்றூர்களில் ஆலயங்கள் நம் கண்முன்னே வளர்ந்துள்ளன. இவற்றைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

அன்பியக் கூட்டங்களை வேலை முறைக்கு ஏற்ப இரு வேளைகளில் நடத்தலாம். மாதம் ஒருநாள், வைப்பு நிதி, நோய்க் காப்பீடு, ஒப்பந்த வேலை ஆகியவை பற்றிச் சட்டம் அறிந்தவரைக் கொண்டு விளக்கலாம். மனை வாங்க எண்ணும் இளம் தம்பதியர், பத்திரத்தையும் வட்டியையும் விவரம் அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்ட பின்னர்க் கையெழுத்திடலாம். வேலைநிறுத்தமோ வேலையிழப்போ நேரும்போது ஒரு தவணையேனும் தாங்கும்படி, சிறு சேமிப்புக் குழுக்களைக் கட்டலாம். முதல் தவணை தவறும் என்னும் அச்சம் நீங்கினால் பாதித் துணிவு தானே வரும்.

இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இன்று நம் ஆலைகளுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகின்றனர். தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உளர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கின்றனர். "இவர்கள் வந்துதான் நம் கூலி குறைந்தது" என்று முணுமுணுக்கிறோம். 1921-இல் புளியந்தோப்பில் நேர்ந்தது இத்தகைய முணுமுணுப்பில்தான் தொடங்கிற்று. அவர்களை முன் வரிசைக்கு அழையுங்கள். நம் வீட்டுப் பந்தியில் அமர்த்துங்கள்.

இரண்டாவது, நம் நிறுவனங்களிலேயே உழைக்கும் கோயிற்பிள்ளை, சமையற்காரர், பள்ளி ஆயா, காவற்காரர் ஆகியோருக்கு நேரிய கூலி கிடைக்கிறதா என்று நாமே கேட்டுக்கொள்வோம். நம் வாசலில் கேட்கத் தயங்குகிற கேள்வியை ஆலை வாயிலில் கேட்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

சொந்த வீடு வேண்டும் என்பது பாவமன்று. அது நல்ல ஆசை. ஆயினும் கதவை அடைத்தபின் அண்டை வீட்டு அழுகுரல் கேட்காத வீடு நம் ஆசைக்கு உரிய வீடாகாது. சமயச் சொற்பொழிவு கேட்க வந்தவர்களின் பசியைக் கேட்டறிந்த சிலரால்தான் பெரம்பூரில் ஒரு பேரியக்கம் பிறந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல், பக்கத்தில் நின்றவரிடம் "எந்தக் கம்பெனியில் வேலை? எந்த முறை? வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.